சிரிப்பு வராத பத்தாம் வகுப்பு

துணை இயக்குநர் வேலையில், நடிகர் வசனத்தை மறந்தாலும் நாய் குறுக்கே ஓடினாலும் திட்டு நமக்குத்தான்; என்னோடு கிளாப் கட்டை பிடித்தவர்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை.

அந்தப் படம் ஒரு கறுப்பு நகைச்சுவை. கொடுமைக்கார வாத்தியாரைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பழிவாங்குகிறார்கள். அந்த வாத்தியார் என் கணக்கு வாத்தியார்தான். அவர் அடித்த ஒவ்வொரு அடியையும் இயக்குநரிடம் சொல்லிச் சொல்லி எழுதவைத்தவன் நான். படப்பிடிப்பும் வெண்ணாற்றங்கரையில் நான் படித்த பள்ளியிலேயே, மே மாத விடுமுறையில். வகுப்பில் உட்கார அங்கே படிக்கும் நாற்பது பிள்ளைகள். அவர்களைக் கட்டி மேய்ப்பது என் வேலை. அந்த ஆள் மாதிரி நடந்துகொள்ளக் கூடாது என்ற வைராக்கியத்தில், முதல் நாளே எல்லோருக்கும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன்.

வாட்ச்

எங்களிடம் இரண்டு பிரம்புகள். அடிக்கும் காட்சிக்கு ஸ்பாஞ்சில் செய்தது ஒன்று. குளோசப்புக்கு நிஜப் பிரம்பு ஒன்று. வாத்தியாராக நடித்தவர் ஸ்பாஞ்சுப் பிரம்பை ஓங்கினார். இரண்டாவது பெஞ்சு கயல்விழி எழுந்து, வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, கையை நீட்டினாள். நாங்கள் அப்படிச் சொல்லவேயில்லை. இயக்குநர் அசந்துபோய்க் கை தட்டினார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லித் தரலண்ணா. வாட்சுல பட்டு கண்ணாடி ஒடஞ்சா, அதுக்குத் தனியா ஒரு அடி உண்டு."

நாற்காலி

பிள்ளைகள் ஒரு காலைப் பாதி அறுத்து வைத்த நாற்காலியில் வாத்தியார் உட்கார்ந்து விழவேண்டும், வகுப்பே சிரிக்கவேண்டும். படத்தின் உயிரே அந்தச் சிரிப்புதான். நடிகர் பதினோரு முறை விழுந்தார். இடுப்பில் தைலம் தடவிக்கொண்டு மறுபடி விழுந்தார். பிள்ளைகளிடம் ஒரு பல்கூடத் தெரியவில்லை. பாவம், தன் நடிப்பில்தான் கோளாறு என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பெஞ்சுப் பையன் ஒருவனைத் தனியே கூப்பிட்டு விசாரித்தேன்.

"சிரிச்சது யாருன்னு அப்புறமா கேப்பாங்கண்ணா."

விருந்தாளி

மறுநாள் கணக்கு வாத்தியாரே வேடிக்கை பார்க்க வந்தார். இன்னும் அதே பள்ளியில்தான் இருக்கிறார். பிள்ளைகள் நாற்பது பேரும் விறைத்து எழுந்தார்கள். நானும் எழுந்தேன், வெட்கக்கேடு! அடிக்கும் காட்சி நடந்தது. தன்னை அடையாளம் கண்டு ஒரு விநாடியாவது அவர் முகம் சுருங்காதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். இதற்காகத்தானே இவ்வளவு பாடும். அவர் எழுந்துபோய் நடிகரின் தோளைத் தொட்டார்.

"மணிக்கட்ட மடக்காதீங்க சார், வலிக்கும். வீச்சு தோள்லேருந்து வரணும்."

கடைசி நாள்

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. நாற்காலிக் காட்சி மட்டும் பாக்கி. இன்று சிரிப்பு வராவிட்டால் அடுத்த படத்துக்கு வராதே என்று இயக்குநர் சொல்லிவிட்டார். எனக்கு நான்கு வருட உழைப்பு. முதலில் கெஞ்சினேன், கோமாளித்தனம் செய்து காட்டினேன். பிறகு என்னவோ ஆகிவிட்டது. "சிரிங்கடா! சிரிக்காதவன் எல்லாம் எழுந்திரு!" என்று கத்திக்கொண்டே, கைக்கு அகப்பட்டதை எடுத்து மேஜையில் ஓங்கி அடித்தேன்.

வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது. என் கையில் இருந்தது எந்தப் பிரம்பு என்று அப்போதுதான் பார்த்தேன். வீச்சு தோளிலிருந்துதான் வந்திருந்தது. கயல்விழி வாட்சைக் கழற்றிப் பையில் போட்டாள். கையை நீட்டினாள்.

"சீக்கிரம் அடிச்சிடுங்கண்ணா, ஷாட்டுக்கு நேரமாவுதுல்ல."

படத்தில் அந்த நாற்காலி உடையும்போது கேட்கும் சிரிப்பு, சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் துணை இயக்குநர்கள் நான்கு பேர் சேர்ந்து சிரித்தது. அதில் எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்பது என் குரல்.