ஒரு தூசிக்காக ஜெபம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆம்பூர் சர்ச்சில் ஒரு தூசிக்காக ஜெபம் நடந்தது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே... சீட்டு எழுதிக் கொடுத்தவன் நான்தான்!

அது என் மகள் எஸ்தரின் தூசி. வடக்கே, இரண்டு நாள் ரயில் தூரத்தில், ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கிறாள். சூரியனுக்குள் நடப்பதுபோல அணுக்களைச் சேர்த்துக் கரண்ட் எடுக்க உலை கட்டிப் பார்க்கிறார்கள் இல்லையா? அதற்குள் இருப்பது பிளாஸ்மா — தாங்க முடியாத சூட்டில் மின்சாரம் ஏறிப்போன வாயு. அது உலையின் சுவரில் பட்டால் தூசி உதிரும். உதிர்ந்தது எங்கே பறக்கும், எங்கே உருகும்? உள்ளே போய் யார் பார்ப்பது? அதனால் கம்ப்யூட்டரிலேயே ஓர் உலை, கம்ப்யூட்டரிலேயே தூசி. எஸ்தர் அதை ஓடவிட்டுப் பார்க்கிறாள்.

நான் தோல் ஃபேக்டரியில் பஃபிங் மெஷின் ஓட்டுகிறவன். தோலை உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்கும் வேலை. பத்தாவதுதான் படிப்பு. எது புரியாவிட்டாலும் தூசி புரியும்.

புரியும் என்றுதான் நினைத்தேன்!

அவள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. "கிறிஸ்மஸுக்கு வர்றியாம்மா?" என்று போனில் கேட்டேன்.

"இந்த ரன் சரியா வந்தா வர்றேன்பா. தூசி வழியிலயே ஆவியாய்டுதா, நடுவுல போய்ச் சேருதான்னு பாக்கணும். நாலு நாள் ஓடும்."

வழியிலேயே ஆவியாகிவிடுவதா? ஐயோ பாவம்! கிளம்பியது போய்ச் சேர வேண்டாமா? ஜெபச் சீட்டில் எழுதினேன்: 'மகளின் தூசி உருகாமல் பத்திரமாகப் போய்ச் சேர.'

பாஸ்டர் இரண்டு முறை படித்தார். "இன்னா பிரதர் இது... தூசியா?"

"ஆமாங்க பாஸ்டர். பொண்ணு ஊருக்கு வர்றதே அது மேலதான் இருக்கு."

என்னோடு மெஷினில் நிற்கும் தேவராஜ் முழங்கையால் இடித்தான். "யோவ், வாரம் பூரா தூசியத் தின்னுட்டு இருமிக்கினு இருக்கோம். ஞாயித்துக்கிழமை அதுக்கு ஜெபம் வேறயா? பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ." ஆனால் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவன் அவன்தான்.

வியாழக்கிழமை எஸ்தர் கூப்பிட்டாள். "அப்பா, தூசி உள்ள போய்டுச்சு."

"ஸ்தோத்திரம்!" என்று கத்தினேன்.

"இன்னா ஸ்தோத்திரம்? போகக் கூடாதுப்பா! ஓரத்துலயே கரைஞ்சிடணும். நடுவுல போனா பிளாஸ்மா குளிர்ந்துடும். அது ஏன் கரையலன்னு இப்ப தேடணும். டிசம்பர் பூரா இதுதான்."

மெதுவாகச் சீட்டு விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள்... அப்படிச் சிரித்தாள்! அவள் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆகிறது?

"கம்ப்யூட்டர் ஜெபத்தையெல்லாம் கேக்காதுப்பா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இந்த வருஷமும் இல்லப்பா" என்றாள்.

பிள்ளைகளே, ஒன்று கவனித்திருக்கிறேன். மனசுக்கு வேண்டியதை நேராகக் கேட்க நமக்குக் கூச்சம். ரிசல்ட் வரட்டும், டிக்கெட் கிடைக்கட்டும், தூசி போய்ச் சேரட்டும் என்று சுற்றி வளைத்துக் கேட்கிறோம். நீங்களாவது நேராகச் சொல்லிவிடுங்கள் — உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்று.

நானா? "நல்லா சாப்டும்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.