பொஸ்டன் வெள்ளிக் கரண்டி

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், மொன்றியலில் வில்லரேப் பக்கம் ஒரு சின்ன நகைக்கடையில் வேலை செய்தேன். கடைக்கார அண்ணை யாழ்ப்பாணத்தவர். நகையோடு பழைய வெள்ளிச் சாமான்களையும் திருத்துவார். மினுக்குவது என் வேலை. தேய்த்துத் தேய்த்து என் நகக்கண் எப்போதும் கறுப்பாகவே இருக்கும்.

ஒருநாள் வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர் கரண்டியொன்றைக் கொண்டுவந்தார். அமெரிக்கா தனிநாடாவதற்கு முன்பு பொஸ்டனில் செய்ததாம். அந்தக் காலத்தில் வீட்டில் சேர்ந்த வெள்ளிக் காசுகளைத் தட்டானிடம் கொடுத்து, உருக்கிக் கரண்டியாக அடிப்பித்துக்கொள்வார்களாம். பிடியில் கணவன் மனைவியின் பெயரெழுத்துகள். பின்புறம் தட்டானின் முத்திரை. அங்கே சண்டை வந்தபோது அவருடைய முன்னோர் அதை மடியில் கட்டிக்கொண்டு கனடாவுக்கு ஓடிவந்தவர்கள். அட, எங்களைப் போல அகதிகள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

விளிம்பில் சின்னச் சின்னப் பள்ளங்கள். அவற்றைத் தட்டி நேராக்கினால்தான் நல்ல விலை தரலாம் என்று அதை வாங்கவிருந்த பழம்பொருள் வியாபாரி சொல்லியிருந்தாராம். அண்ணை சுத்தியலை எடுத்தார். நான் கரண்டியைத் துடைத்துக்கொண்டே பார்த்தேன். பள்ளங்கள் சோடி சோடியாக இருந்தன.

“பிள்ளையின் பல்லா?” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் தலையாட்டினார். ஒரே மகள். மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். இப்போது தான் முதியோர் இல்லத்துக்குப் போவதாகவும், அங்கே ஒற்றை அறை என்பதால் எல்லாவற்றையும் விற்பதாகவும் சொன்னார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கரண்டி வைக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டேவிட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது.

“உனக்கென்ன விசரே? பேசாமல் இஞ்ச தா” என்றார் அண்ணை.

“தரமாட்டன் அண்ணை. அந்த மனிசி தட்டச் சொல்லி இன்னொருக்காச் சொல்லட்டும், தாறன்.”

நாங்கள் தமிழில் கதைத்தது அந்த அம்மாவுக்கு எப்படி விளங்கியதோ, கையை நீட்டினார். கரண்டியை வாங்கிப் பெருவிரலால் விளிம்பைத் தடவினார். பிறகு கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

“வந்த வேலையையும் கலைச்சுப்போட்டாய். உனக்கேன் இவ்வளவு கோவம்?” என்றார் அண்ணை.

நான் வலது சுட்டுவிரலை அவர் முன்னால் நீட்டினேன். என் மூத்தவன் இடப்பெயர்வில் வழியிலேயே இறந்துபோனது அவருக்குத் தெரியும்.

“நாங்கள் பிள்ளையளுக்குச் சோறு கரண்டியாலையே தீத்தினது? கையாலைதானே. பல்லு முளைச்ச நேரம் ஒவ்வொரு வாய்க்கும் இந்த விரலைக் கடிப்பான். நான் கத்துவன், அவன் சிரிப்பான். இப்ப பாருங்கோ அண்ணை, ஒரு அடையாளமும் இல்லை. விரல் ஆறிப்போச்சு.”