ஆடு தின்னாத ஓலை

கர்நூல் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் மேட்டின் அடிவாரத்தில், ஒரு சின்ன அம்மன் கோயில் வாசலில், நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். முந்தின நாள் மேலே ஏறிய ஆறு பேரில் அண்ணன் சேதுராமு மட்டும் இறங்கி வரவில்லை. இருட்டும்வரை தேடிவிட்டோம். விடிந்ததும் போலீஸ்காரர்களும் உள்ளூர் ஆட்களும் போனார்கள். எங்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பது மணி இருக்கும். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் பாறைகளுக்கு நடுவே இறங்கி வந்தார். அவர் தெலுங்கில் சொன்னது எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அவர் கையில் சேதுராமுவின் ஒற்றைச் செருப்பு இருந்தது.

இன்று சேதுராமு அண்ணனின் படத்தைத் திறக்கிறோம். "ரைட்டரே, நாலு நல்ல வார்த்தை எழுதிட்டு வாங்க" என்று லாரி ஓட்டும் நம் கதிரேசன்தான் கேட்டார். திருவாடானையில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். இத்தனை வருடமும் மற்றவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். இது நானே சொல்லவேண்டியது. நல்ல வார்த்தை நிறைய இருக்கிறது, சொல்கிறேன். அதோடு, அவர் சாவைப் பற்றி நீங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிற ஒரு விஷயம் பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பேச்சியம்மாள் மதினியின் முகத்தைப் பார்க்காமல் இதை வாசித்து முடிக்க முடியுமா என்று தெரியவில்லை.

சாயல்குடிப் பக்கம் மிளகாய் போட்டு வந்தவர் சேதுராமு. கோபுரத்தையும் பனையையும் விட்டால் அண்ணாந்து பார்க்க ஒன்றுமில்லாத பூமி நம்முடையது. அந்த மனிதருக்கு எங்கிருந்துதான் கல்மேட்டு ஆசை பிடித்ததோ! நெல் அறுப்பு முடிந்தால் போதும், வருடா வருடம் எங்களைக் கிளப்பிவிடுவார். அதுவும் சுண்ணாம்புக்கல் மேடாகத்தான் இருக்கவேண்டும். முதல் முறை ஒரு கல் வளைவின் அடியில் நின்று அதைத் தடவித் தடவிப் பார்த்தார். "கல்லைத் தண்ணி தின்னுருக்கு பாருங்கய்யா. நம்ம ஊர்ல குடிக்கவே தண்ணியில்ல. இங்கன கல்லை ஓட்டை போடுற அளவுக்கு வந்துட்டுப் போயிருக்கு!" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கி நின்றார்.

ஓலை கட்டும் பழக்கமும் அவருடையதுதான். அந்த மேடுகளில் எங்கே பார்த்தாலும் ஆட்டுத்தடம். எது வழி, எது வழியில்லை என்று தெரியாது. ஊரிலிருந்தே பனையோலையை விரல் அகலத்துக்குக் கீறிக் கட்டாக எடுத்து வருவார். முன்னால் நடப்பவர் அவர். தடம் பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் போகிற பக்கத்துச் செடியில் ஒரு ஓலையை முடிச்சுப் போடுவார். திரும்பும்போது கடைசியில் வருகிறவன் ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு வரவேண்டும். "நாம வந்த தடம் நம்மளோடயே போயிரணும். அங்கன கல்லு மட்டும்தான் இருக்கணும்" என்பார். முழங்கால் வலியால் நான் எப்போதும் கடைசி. அதனால் அவிழ்ப்பது என் வேலை. ஒரு வருடம் ஒரே ஒரு ஓலையை விட்டுவிட்டு வந்துவிட்டேன். அடிவாரத்தில் எண்ணிப் பார்த்தார், ஒன்று குறைந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, அந்த வெயிலில், ஒரு மணி நேரம் திரும்ப நடந்துபோய் அதை அவிழ்த்து வந்து என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து நான் ஒன்றைக்கூட விட்டதில்லை.

இந்த வருடமும் விடவில்லை.

அன்று மேலே போய்ச் சேர ஒன்பது பிரிவுகள், ஒன்பது ஓலை. உச்சியில் யானை நுழையும் உயரத்துக்கு ஒரு கல்வாசல், அதற்கு அப்பால் கண்ணுக்கெட்டிய வரை சமவெளி. நான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது மற்றவர்கள் புளிச்சோற்றைப் பாதி தின்றிருந்தார்கள். "வாங்க ரைட்டரே! நீங்க ஏறி வாரதுக்குள்ள அங்கன என் மிளகா பழுத்து, காஞ்சு, சாக்குக்கே போயிருக்கும்" என்றார் சேதுராமு. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். "இனிமே உங்க கூட வந்தா என்னைய என்னன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு, சோற்றையும் வாங்காமல் போய்க் கல்வாசலுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்துகொண்டேன். ஐம்பத்தெட்டு வயதுக்காரன் செய்கிற காரியமா அது?

பேச்சுச் சத்தம் அடங்கியதும் எழுந்து வந்தேன். கூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. தூரத்தில் முன்னால் போகிறவர் தலையில் சிவப்புத் துண்டு தெரிந்தது. அது சேதுராமுவின் துண்டு. நம்மை விட்டுவிட்டுப் போகிறார் பார் என்று இன்னும் எரிச்சல்தான் வந்தது. முன்னால் போகிறவர்களைக் கூப்பிடவில்லை, ஆள் எண்ணவில்லை. ஒன்பது ஓலையையும் வெடுக் வெடுக்கென்று அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

அடிவாரத்தில் சிவப்புத் துண்டைத் தலையிலிருந்து எடுத்து முகம் துடைத்தவர் கதிரேசன். வெயிலுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிச் சேதுராமு கொடுத்ததாம்.

"அண்ணன் எங்க ரைட்டரே? 'ரைட்டர் கோவத்துல எங்கிட்டாவது உக்காந்திருப்பாரு, நான் கூட்டிட்டு வாரேன், நீங்க எறங்குங்க'ன்னு உங்களைத் தேடித்தான போனாக?"

அவர் கல்வாசலின் ஒரு பக்கமாகப் போயிருக்கிறார். நான் மறுபக்கமாக வந்திருக்கிறேன்.

திரும்ப ஓடினோம். மூன்றாவது பிரிவிலேயே எங்களுக்கு வழி தெரியவில்லை. "ஓலையக் காணோமே, நீங்க அவுத்துட்டீகளா?" என்று கதிரேசன் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பையிலிருந்து எடுத்து, ஞாபகம் இருந்த இடங்களிலாவது திரும்பக் கட்டியிருக்கலாம். "நான் அவுக்கல. ஆடு தின்னுருக்கும்" என்றேன். தோளில் தொங்கிய பையை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டேன். பிறகு எல்லோரோடும் சேர்ந்து "அண்ணே, அண்ணே" என்று கத்தினேன்.

மறுநாள் உடலை எடுக்க எங்களை மேலே கூட்டிப்போனார்கள். நாங்கள் நடக்காத ஓர் ஆட்டுத்தடம். அதில் அடுத்தடுத்த இரண்டு செடிகளில் புது ஓலை கட்டியிருந்தது, அவருடைய முடிச்சு. அதற்குச் சற்று அப்பால் புல் மூடிய கல்பிளவு. அதற்குள்தான் விழுந்து கிடந்தார். விழுந்த பிறகு எவ்வளவு நேரம் உயிர் இருந்தது என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒன்பது ஓலையைத் தின்ற ஆடு இந்த இரண்டை மட்டும் எப்படி விட்டது என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. உங்களுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "ஆடு திங்கிற ஓலையைக் கட்டிக்கிட்டுப் போனாரே, இம்புட்டுத்தானா அவரு விவரம்?" என்று டீக்கடையில் பேசினார்கள். நானும் அங்கே உட்கார்ந்து டீ குடித்தேன். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது மதினி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள்.

"தம்பி, நீங்க படிச்சவுக, ஒண்ணு கேக்கேன். அவுக காஞ்ச ஓலையத்தான் எடுத்துவைக்கச் சொன்னாக. நான்தான் முடிச்சுப் போட வளையுமேன்னு பச்சை ஓலையாக் கீறிக் குடுத்துவிட்டேன். காஞ்சதா இருந்தா ஆடு வாய் வச்சிருக்காதுல்ல?"

குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மகள் சொன்னாள். கிணற்றடிப் பனையை வெட்டுவதற்கு நாளைக்கு ஆள் வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

மதினி, அந்தப் பனையை வெட்டவேண்டாம். உங்கள் ஓலையை ஒரு ஆடும் தின்னவில்லை. உங்கள் வீட்டுக்காரர் ஒன்பதையும் சரியாகத்தான் கட்டினார். நான் கோபத்தில், ஆள் பார்க்காமல், ஒன்றுவிடாமல் அவிழ்த்தேன். பிறகு பயந்து பொய் சொன்னேன். இதோ, பையிலிருந்து எடுத்து அவர் படத்துக்கு முன்னால் வைக்கிறேன். எண்ணிக்கொள்ளுங்கள், ஒன்பது இருக்கும். காய்ந்து போயிருக்கின்றன, அவர் முடிச்சுப் போட்ட இடத்தில் மட்டும் மடிப்பு அப்படியே இருக்கிறது. என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அப்படிக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

இனி அவருடையதாக மிச்சம் இருப்பது மேலே செடியில் இருக்கிற அந்த இரண்டு ஓலைதான். உடலைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோதும் நான்தான் கடைசி. வழக்கப்படி அந்த இரண்டையும் அவிழ்த்திருக்கவேண்டும். கை வைத்தேன், முடியவில்லை. அவருக்கு வழி தெரியாமல் போயிருந்தது. அப்போதும், பின்னால் ரைட்டர் வருவார் என்று கட்டியிருக்கிறார்.