குடத்து விரால்

முத்துப்பேச்சி மீன் விற்கிறவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் கூடையைத் தேடி வருகிறவர்கள் கண்மாய் விராலுக்காகத்தான் வருவார்கள். சில வருஷமாக அது அருகிக்கொண்டே வந்தது. விரால் இல்லையென்றால் அவளுக்குப் பிழைப்பும் இல்லை.

கல்லூரியிலிருந்து லக்ஷ்மண் சார் வந்து சமுதாயக்கூடத்தில் பெரிய அட்டையை விரித்தார். மீன் எதனால் குறைகிறது, எது எதைக் கெடுக்கிறது என்று எல்லோரும் சேர்ந்து அம்புக்குறி போடவேண்டும். "ஊர் கூடித் தேர் இழுக்கிற மாதிரிதான்" என்றார். விவசாயிகளின் அம்பு கண்மாய் மீனைக் குத்தகை எடுத்தவரைக் குத்தியது. குத்தகைக்காரரின் அம்பு பூச்சிமருந்தைக் குத்தியது. தன் வீட்டுப் பக்கம் அம்பைத் திருப்ப யாருக்கு மனசு வரும்?

முத்துப்பேச்சிதான் வாயைத் திறந்தாள். "அழிகண்மாய ஏன் யாரும் எழுதல? கடைசித் தண்ணியில தாய் மீனையும் நாமதான அள்ளுதோம்?"

குத்தகைக்காரர் பிடித்து முடித்ததும் வெள்ளைத் துண்டை வீசுவார்கள். யார் வேண்டுமானாலும் இறங்கி அள்ளலாம். அதுதான் அழிகண்மாய். அன்று எல்லா வீட்டிலும் மீன் குழம்பு கொதிக்கும். அதில் கைவைப்பதா? ஊர் முறைத்தது, முணுமுணுத்தது, கடைசியில் ஒப்புக்கொண்டது. இந்த வருஷம் துண்டு வீசுவதில்லை. மடையோரப் பள்ளத்தைத் தாய் மீனுக்கு விட்டுவிடுவது. முத்துப்பேச்சிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பக்கத்து ஊர்களுக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அழிகண்மாய்க்கு யாரும் அழைப்பு வைக்கிற வழக்கம் இல்லையே! குத்தகைக்காரரின் வலை வண்டியேறினால் சுற்றுப்பட்டியெல்லாம் தானாக வரும். இந்த வருஷமும் மீன்மேல் கவிழ்த்துப் பிடிக்கிற ஊத்தாக் கூடைகளோடு வந்தது. முன்னால் நின்றவன் பக்கத்து ஊரில் இருக்கிற முத்துப்பேச்சியின் கூடப்பிறந்த அண்ணன் மலைச்சாமி.

"அண்ணே, எறங்காத. ஊரு கூடி முடிவெடுத்திருக்கோம்."

"எந்த ஊருட்டி? எங்கள ஒரு வார்த்த கேட்டியளா?"

கேட்கவில்லைதான். அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் கேட்கத் தோன்றியிருக்காது. கூட்டம் பள்ளத்தில் இறங்கியது.

மத்தியானம் அண்ணன் அவள் வீட்டுக்கு வந்தான். அழிகண்மாயில் முதல் பங்கு கூடப்பிறந்தவளுக்கு. அதை அவன் ஒருநாளும் தவறவிட்டதில்லை. வயிறு புடைத்த சினை விரால், இன்னும் உயிரோடு. "கோவிச்சுக்கிடாத தாயி, கொழம்பு வையி" என்று வைத்துவிட்டுப் போனான்.

முத்துப்பேச்சி விராலைக் குடத்துத் தண்ணீரில் போட்டுத் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடினாள். சேற்றில் இன்னும் ஆட்கள் துழாவிக்கொண்டிருந்தார்கள். விட்டால் மறு நிமிஷம் எவன் கூடைக்குள்ளாவது கிடக்கும். குடத்தை இடுப்பில் வைத்தபடியே லக்ஷ்மண் சாருக்குப் போன் போட்டாள்.

"சார், அட்டைய எடுத்துக்கிட்டு எங்க அண்ணன் ஊருக்கு வாங்க. அவுகளையும் கேட்டு அம்பு போடணும்."

"அடுத்த வாரம் வரட்டுமாம்மா?"

"இப்பமே வாங்க சார். மீனு குடத்துல இருக்கு."