எட்னாவின் வெங்காயமும் எங்கள் இடியப்ப உரலும்

ஓவியக் கூடத்தில் படம் மாட்டுகிறவனுக்கு ஆணி அடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. மாட்டிய படத்தைப் பார்த்து மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு முகம் மாறாமல் நிற்கவும் தெரிய வேண்டும். கடையிலோ வரவேற்பு மேசையிலோ கால் கடுக்க நின்று, வந்தவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய அனுபவம் உங்களுக்கு உண்டென்றால், நான் சொல்வது உடனே விளங்கும். நாமெல்லாம் ஒரே படகில் வந்தவர்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு வந்தேன். கணக்காளர் வேலை தேடி அலுத்து, யோர்க்வில் பக்கம் ஒரு சிறிய ஓவியக் கூடத்தில் சேர்ந்தேன். படங்களைப் பொதி அவிழ்ப்பது, மாட்டுவது, வான் வண்டி ஓட்டுவது, திறப்பு விழாவன்று கோட்டுப் போட்டுக்கொண்டு வைன் ஊற்றுவது எல்லாம் என் பொறுப்பு. முதலாளி ஹார்வி நல்ல மனிதர், ஆனால் எப்போதும் எதற்காவது பயந்துகொண்டிருப்பார். வாசல் மேசையில் ஐரீன் இருந்தாள். அவள் ஸ்கொட்லாந்துக்காரி. அவளுக்கு எதற்கும் பயம் கிடையாது.

எட்னா அமெரிக்காவில் ஒஹாயோவைச் சேர்ந்த ஓவியர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வரைய வந்துவிட்டார். வெங்காயம், கத்தரிக்காய், தண்ணீர்ச் சாடி என்று மேசைமேல் இருப்பதை இருக்கிறபடியே வரைவார். அன்றைய நாகரிகமோ வேறு. சுவர் அளவுத் துணியில் இரண்டு நிறத்தை வாளியோடு ஊற்றினால்தான் அது ஓவியம். அவருடைய நாட்டில் ஒரு கூடமும் அவருக்குச் சுவர் கொடுக்கவில்லை. ஹார்விதான், மூன்று கண்காட்சி வைத்துப் பார்ப்போம் என்றார். மூன்றும் படுத்துவிட்டால் எட்னா பழையபடி பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சோக்கட்டி பிடிக்க வேண்டியதுதான். இது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

வெங்காயத்தின் முதல் மாலை

முதல் கண்காட்சிக்கு நல்ல கூட்டம். ஆனால் கூட்டம் முழுக்கப் பாற்கட்டித் தட்டைச் சுற்றித்தான் நின்றது. நான் வைன் போத்தலோடு சுவர் ஓரமாக நடந்தால் ஆட்கள் என் பின்னால் வருவார்கள், அப்படியாவது படத்தைப் பார்ப்பார்கள் என்று ஐரீன் ஒரு வழி சொன்னாள். வந்தார்கள். போத்தலைத்தான் பார்த்தார்கள்.

ஒரே ஒரு சீமாட்டி மட்டும் வெங்காயப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். உரித்த தோல், அதில் ஒளி விழுகிற இடம் எல்லாவற்றையும் கிட்டப்போய்ப் பார்த்தார். எட்னா தூணருகில் நின்று அவரையே பார்த்தார். நானும் கிண்ணத்தில் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். சீமாட்டி கடைசியில் என்னிடம் திரும்பி, மிகவும் அன்பாகச் சொன்னார்: "அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வெங்காயம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறதே."

எல்லையில் நின்ற பேரிக்காய்

அடுத்த கண்காட்சிக்குப் படங்களை ஏற்றிவர வானோடு அமெரிக்க எல்லைக்குப் போனேன். எட்னா ஒரு படத்தை ஈரம் காயாமலே கொண்டுவந்திருந்தார். பேரிக்காய்ப் படம். அதில் ஒரு காயின் காம்பு மட்டும் பாக்கி. அதை ரொறன்ரோவில் முடிப்பதற்காக உண்மைப் பேரிக்காய்களையும் பையில் வைத்திருந்தார். எல்லை அதிகாரி பையைத் திறந்தார். பழம் உள்ளே வரக்கூடாது, இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

வேறு யாராவது என்றால் கடையில் வேறு பேரிக்காய் வாங்கிக்கொள்வார்கள். எட்னாவிடம் அந்தக் கதை நடக்காது. அந்தக் காம்பு வளைந்த மாதிரி வேறு காம்பு வளையாதாம். வானின் பின்கதவைத் திறந்து, பழங்களை அடுக்கி, தூரிகையை எடுத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார், பிறகு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். காம்பு முடிந்ததும் எட்னா பழங்களை எனக்கும் அதிகாரிக்கும் பங்கிட்டார். வாய் நிறையப் பழத்தோடு அதிகாரி தீர்ப்புச் சொன்னார்: "படத்தில் இருப்பது போகலாம், வயிற்றில் இருப்பதும் போகலாம், பையில் இருப்பதுதான் போகக்கூடாது."

பொட்டு வைத்த பிழை

ஓவியக் கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. விற்றுப்போன படத்தின் பக்கத்தில் சிறிய சிவப்பு வட்டம் ஒன்றை ஒட்டுவார்கள். நம் பெண்களின் ஒட்டுப் பொட்டு மாதிரியே இருக்கும். பொட்டு இல்லாத சுவரைப் பார்த்தால் வாங்க வருகிறவர்களுக்கும் கை எழாது. அதனால் ஹார்வி, திறப்பு விழாவுக்கு முன்பே இரண்டொரு படத்துக்குப் பொட்டு வைக்கச் சொன்னார். சும்மா, ஒரு களைக்காக. நல்ல படங்களாகப் பார்த்து வைத்தேன். பேரிக்காய்க்கும் ஒன்று வைத்தேன்.

மொன்றியலிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். பேரிக்காயை விட்டு நகரவில்லை. பிறகு பொட்டைக் கண்டார்கள். "ஐயோ, போய்விட்டதா" என்றார் மனைவி. அது பொய்ப் பொட்டு என்று சொல்ல ஹார்விக்கு வாய் வரவில்லை. வெங்காயத்தைக் காட்டினார், கத்தரிக்காயைக் காட்டினார். அவர்கள் மரியாதையாகப் பார்த்துவிட்டு, மரியாதையாகப் போய்விட்டார்கள். அந்தக் கண்காட்சிக்கு உண்மையான வாடிக்கையாளர் என்று வந்தது அவர்கள் மட்டுந்தான்.

வீட்டுக்கு வந்து மனைவி பவளத்திடம் சொல்லிக் கவலைப்பட்டேன். அவள் மா அரித்துக்கொண்டே கேட்டாள்: "கலியாணம் முடிஞ்ச பிள்ளையெண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டு, இப்ப மாப்பிளை வரேல்லையெண்டு ஏன் அழுறியள்?"

உரல் ஊர் போன கதை

இரண்டாவதும் படுத்துவிட்டது. ஹார்வியின் அறையிலிருந்து வெளியே வந்த எட்னாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இந்த முகத்தோடு ஒருவர் தனியாக ஹோட்டல் அறையில் சாப்பிடக்கூடாது என்று தோன்றியது. ஸ்காபரோவில் இருந்த எங்கள் அப்பார்ட்மெண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பவளம் கோதுமை மாவை அவித்து இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். எட்னா நேரே குசினிக்குள் போய் நின்றுவிட்டார். சொதி ஆறியது, சம்பல் காய்ந்தது, அவர் வரவில்லை. பவளம் விமானத்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த மர இடியப்ப உரல் அது, மாவை உள்ளே வைத்து அழுத்திப் பிழிகிறது. எண்ணெயும் கையும் பட்டுப்பட்டுக் கறுத்து மினுங்கும். இதைக் கொஞ்ச நாள் இரவல் தர முடியுமா என்று எட்னா கேட்டார். வீட்டுக்கு வந்தவரிடம் மாட்டேன் என்று சொல்ல நம்மவர்களுக்கு எங்கே வரும். பவளம் கழுவித் துடைத்துக் கொடுத்தாள்.

அங்கேதான் ஏமாந்தோம். எட்னா வழக்கமாகவே மெதுவாக வரைகிறவர். ஆனால் காயும் பழமும் வாடிவிடும் என்ற பயம் ஒன்று அவரை விரட்டிக்கொண்டிருந்தது. உரல் வாடாத பொருள். வாடாத பொருளுக்கு அவர் ஏன் அவசரப்பட வேண்டும்? இலை உதிர்ந்தது, பனி கொட்டியது, பனி கரைந்தது. நாங்கள் பாணும் பட்டருமாகக் காலம் தள்ளினோம். எட்னா தொலைபேசியில் மிகுந்த சந்தோஷத்தோடு, உரல் முடிந்தது, அதன் நிழல்தான் இன்னும் சரிவரவில்லை என்றார். நான் அதைப் பவளத்துக்குத் தமிழில் சொன்னேன். "நிழலை அவவே வைச்சிருக்கட்டும், உரலை அனுப்பச் சொல்லுங்கோ."

குசினியைப் பார்க்க வந்த அண்ணை

மூன்றாவது கண்காட்சிக்குத் தெரிந்த தமிழ் ஆட்களையெல்லாம் அழைத்தேன். கடைசிக் கண்காட்சியாக இருந்தால் கூட்டமாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். அப்போது நம்மவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அஜின்கோர்ட்டிலிருந்து கந்தையா அண்ணை தன் திருமணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அது அவருக்கு முன்பக்கம் பொருந்தவில்லை.

கூடத்தின் நடுச் சுவரில் உரல் படம் தொங்கியது. அதன் கீழே ஒரு சிறிய மேசையில் உண்மை உரல். பவளத்திடம் திருப்பிக் கொடுக்க எட்னா கொண்டுவந்ததை ஹார்வி அங்கே வைத்துவிட்டார். அண்ணை கண்ணாடியை மாட்டிப் படத்தைப் பார்த்தார், குனிந்து உரலைப் பார்த்தார், கைப்பிடியில் இருந்த வெடிப்பு படத்திலும் இருக்கிறதா என்று சரிபார்த்தார். இருந்தது. பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்: "எங்கடை குசினிச் சாமானைப் பாக்கக் கோட்டுப் போட்டு, பஸ்ஸும் ரெயினும் மாறி வரவேண்டிக் கிடக்கு, என்ன தம்பி?"

பல் வைத்தியரின் நிபந்தனை

உரலை எடுத்துப்போக மட்டுமே பவளம் அன்று வந்தாள். சேலைக்கு மேல் குளிர்க் கோட்டு, கையில் பெரிய பை. அவள் உள்ளே வரும்போது ஒரு வயதான பல் வைத்தியர் உரல் படத்தின் முன் நின்று, இது என்ன கருவி, பல் அச்சு எடுக்கிறதா என்று ஐரீனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஐரீன் ஏதோ கீழைநாட்டு இயந்திரம் என்று சமாளித்தாள். பவளத்துக்குப் பொறுக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மா குழைப்பதிலிருந்து ஆவி பறக்க எடுப்பதுவரை கையால் செய்துகாட்டினாள். பாற்கட்டித் தட்டடியிலிருந்த கூட்டம் ஒவ்வொருவராகத் திரும்பியது. எட்னாவின் படத்தை அன்றுதான் ரொறன்ரோ பார்த்தது.

வைத்தியர் படத்தை வாங்குகிறேன் என்றார். ஆனால் உரலும் கூட வர வேண்டும். இல்லாவிட்டால் வேண்டாம். ஹார்வி என் கோட்டைப் பிடித்து இழுத்து, மனைவியிடம் பேசு என்று கெஞ்சினார். எட்னா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். உரலைத் தாருங்கள் என்று அவர் கேட்க மாட்டார். பள்ளிக்கூடமா ஓவியமா என்பது அந்த மேசையில் கிடந்தது. கொடுத்துவிடு என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் உரல் என்னுடையது இல்லையே. பவளம் உரலைக் கையில் எடுத்தாள். வைத்தியரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "வெங்காயப் படம் வாங்கிறவைக்கு வெங்காயமும் கட்டிக் குடுக்கிறதோ எண்டு கேளுங்கோ. உரல் வேலை செய்யிறதைப் பாக்க விருப்பமெண்டால், படத்தை வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டை வரச்சொல்லுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை

நான் மொழிபெயர்த்ததும் வைத்தியர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். படத்தை வாங்கினார். அவர் வாங்கியதைப் பார்த்து வேறு சிலரும் வாங்கினார்கள். எட்னா கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் கையில் வைன் போத்தல் இருந்தது. எட்னாவுக்கு இனி ஆண்டுதோறும் சுவர் உண்டு என்று ஹார்வி அன்றே எல்லோர் முன்பாகவும் சொல்லிவிட்டார். பிறகு அவருடைய நாட்டுக் கூடங்களும், முன்பு கதவைச் சாத்தியவைதான், ஒவ்வொன்றாகக் கூப்பிடத் தொடங்கின.

ஞாயிற்றுக்கிழமை வைத்தியர் வந்தார், எட்னாவும் வந்தார். இடியப்பம் ஆவியோடு இறங்கியது. நாங்கள் பாணை மறந்து சாப்பிட்டோம். எட்னா மட்டும் தட்டைப் பார்க்காமல், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த புட்டுக்குழலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை. கேட்கப் பயம். பவளமும் கண்டுவிட்டாள். எழுந்து, குழலைக் கழுவித் துடைத்து, பழைய துணியில் சுற்றி எட்னாவின் மடியில் வைத்தாள். "கெதியாத் திருப்பித் தரச் சொல்லுங்கோ. ஆனால் படத்தைக் கெதியாக் கீறிப் பழுதாக்க வேண்டாமெண்டும் சொல்லுங்கோ."

எட்னாவின் கண்காட்சிகளைப் பற்றிப் பின்னாளில் வந்த அறிமுகக் குறிப்புகளில் ஒளியும் நிழலும் பொறுமையும் என்று என்னென்னவோ எழுதியிருந்தார்கள். அந்தப் பொறுமைக்காக வருடக்கணக்கில் புட்டில்லாமல் இருந்த குடும்பத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.