கவிழ்ந்தும் சிந்தாத தண்ணீர்

எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. தங்கச்சிமடத்துக்கு மருமகளாக வந்த முதல் வருஷத்திலேயே அது தெருவுக்கே தெரிந்துவிட்டது. மாமியிடம் மட்டும் வாலைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கடலுக்குப் போகிற மகனின் தண்ணீர்ப் பாட்டில் தளும்பத் தளும்ப நிறைந்திருக்க வேண்டும் என்பது மாமியின் சட்டம். மூடியைத் திறந்து பார்ப்பார், சிலுவை போடுவார், பிறகுதான் மகன் வாசல் தாண்டலாம். தண்ணீர் குறைந்தாலோ கவிழ்ந்தாலோ அன்றைக்குப் பயணம் கிடையாது.

அந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கிளம்பின. அத்தனை நாளும் வீட்டில் முடங்கிக் கிடந்த என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மனுஷன் வெயிலில் ஜில்லென்று குடிக்கட்டுமே என்று, நான் ஆசையாக வாங்கிக் கொடுத்த ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி முந்தின நாளே ஃப்ரீசரில் வைத்தேன். தேங்காய் எண்ணெய் உறைந்தால் நடுவில் குழி விழுகிறதல்லவா, தண்ணீரும் அப்படிக் குறைந்துவிட்டால்? அந்தப் பயத்தில் விளிம்பு வரை ஊற்றி மூடியை இறுக்கினேன். தண்ணீருக்கு வேறு புத்தி என்று எனக்குத் தெரியாது. குளிரக் குளிரச் சுருங்கிக்கொண்டே வரும். உறைவதற்குக் கொஞ்சம் முன்னால் மனசு மாறி விரியத் தொடங்கும். உறைந்ததும் இன்னும் நிறைய இடம் கேட்கும்.

காலையில் பாட்டிலின் அடிப்பாகம் பிதுங்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை. மாமி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, திறந்தபடியே பாட்டிலை மேசையில் வைத்தார். பாட்டில் ஓர் ஆட்டம் ஆடிக் குப்புற விழுந்து உருண்டது.

"இன்னைக்குப் போக வேணாம்யா" என்றார் மாமி.

படகு அவரை விட்டுவிட்டுப் போய்விடும். மருமகள் வைத்த தண்ணீர் கவிழ்ந்தது என்ற பேச்சு என் ஆயுசுக்கும் போகாது.

என் வீட்டுக்காரர் பாட்டிலை எடுத்துத் தாயின் தலைக்கு நேரே கவிழ்த்துப் பிடித்தார்.

"ஏலே, என்ன பண்ற?"

"ஒரு சொட்டு சிந்துச்சாம்மா? வாய்க்கு மேல நெறஞ்சு கட்டியா நிக்குது, பாரு."

மாமி பார்த்தார். பிதுங்கிய அடியைத் தடவினார். மெல்லச் சிரிப்பு வந்தது.

"இந்தப் புள்ள ஆசையா நெறச்சதுக்குப் பாட்டிலே பத்தலை. சரி, போயிட்டு வாய்யா."

எனக்கு என் வீட்டுக்காரரை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மறுநாள் அவர் நல்லபடியாகக் கரை திரும்பினார். அன்றிலிருந்து பாட்டிலில் நாலு விரல் குறைத்துத்தான் உறைய வைக்கிறேன். காலையில் மாமி அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றித் தளும்ப வைப்பார். சட்டம் மாறவில்லை.

பிதுங்கின பாட்டிலைத் தூக்கிப்போட்டு வேறு வாங்கலாம் என்று ஒருநாள் ஆரம்பித்தேன். மாமி பழைய வலைக்கயிற்றை முறுக்கி, பானைக்குப் போடுவதுபோல ஒரு பிரிமணை செய்தார். அதன்மேல் பாட்டிலை வைத்தார். ஆடாமல் நின்றது.

"தானா நிக்காட்டி நாம தாங்கிக்கிடுவோம். நீ பேசாம இரு" என்றார்.

பேசாமல் இருந்தேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.