சிஸ்டர் பம்ப் வாங்குகிறார்

குழாயின் நுனியை இடது கன்னத்தில் வைத்து லேசாகத் தேய்க்கிறார். திருப்தியில்லை. கண்ணை மூடிக்கொண்டு வலது கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார். படகுச் சாமான் கடைக்காரர் திறந்த வாயை மூட மறந்து நிற்கிறார். ஆயில் உறிஞ்சும் பம்ப் வாங்க வருகிறவர்கள் வழக்கமாக விலைச்சீட்டைத் திருப்புவார்கள், பிறகு முகத்தைத் திருப்புவார்கள். கன்னத்தில் வைத்துப் பார்த்த வாடிக்கையாளர் இவர் ஒருவர்தான்.

“இது முரடா இருக்கு தம்பி. உள்ள போறப்ப உரசும்.”

“இன்ஜினுக்குத்தானேம்மா?”

“இன்ஜின்னா உரசலாமா?”

கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, உரசக் கூடாதுதான் என்று ஒப்புக்கொள்கிறார். அவருக்கு வேறு வழியில்லை, குரல் அப்படி. ஆபரேஷன் தியேட்டரில் முப்பத்து நான்கு வருடம் பெரிய பெரிய டாக்டர்களையெல்லாம் திரும்பப் போய்க் கை கழுவிவிட்டு வரச் சொன்ன குரல் அது.

படகுத்துறையில் அவருக்கு சிஸ்டர் என்றே பெயர். வாசல் காவலாளி, டீசல் போடுகிறவர், கிரேன் ஓட்டுகிறவர், எல்லாருக்கும் சிஸ்டர். துறையிலேயே அவரை அப்படிக் கூப்பிட முடியாத ஒரே மனிதர் அவருடைய கணவர். பாவம், அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு “இந்தாம்மா” என்பார்.

சிஸ்டர் ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது. வேலை இன்னும் ஓய்வு பெறவில்லை. கை குலுக்கினால் அவருடைய இரண்டு விரல்கள் நைசாக நம் மணிக்கட்டுக்கு நகரும். நாம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம், அவர் எண்ணிக்கொண்டிருப்பார். “படி ஏறி வந்தீங்களோ?” என்று கேட்டால் நாடி வேகமாக அடிக்கிறது என்று பொருள். கைப்பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். உள்ளே போனது ஒரு பத்தி, வெளியே வந்தது ஒரு பத்தி. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு எழுதியதை இப்போது உலகத்துக்கே எழுதிக்கொண்டிருக்கிறார். வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு பக்கம், பூனைக்கு ஒரு பக்கம். ஒரு நாள் வீட்டுக்கு வந்த விருந்தாளி தற்செயலாக அந்த நோட்டைப் புரட்டினார். ‘டீ இரண்டு, தண்ணீர் ஒன்று, இன்னும் பாத்ரூம் போகவில்லை’ என்று தன்னைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, மரியாதைக்காக எழுந்து போய்விட்டு வந்தார்.

கணவன் மனைவி இருவருக்கும் பொதுவாக ஒரு படகு. கோடீஸ்வரர் படகு என்று யாரும் கற்பனையை ஓட விட வேண்டாம். நாலு பேர் உட்கார்ந்தால், ஐந்தாமவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் நிற்க வேண்டும். நட்ட நடுவில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் டீசல் இன்ஜின். அந்தப் பெட்டிக்குள் தலையை விடும் உரிமை பதினொரு வருடமாகக் கணவருக்கு மட்டும்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்கிய கை. “என் இன்ஜின்ல இன்னொருத்தர் கை வைக்கற அன்னிக்குப் படகை வித்துடுவேன்” என்று துறையில் டீ குடித்த அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். இப்படிச் சொல்கிற ஆண்களுக்கு, தங்களுக்கு முதுகு என்று ஒன்று இருப்பது அறுபதுக்கு மேல்தான் தெரிய வருகிறது. ஒரு காலையில் செருப்பை எடுக்கக் குனிந்தவர், பாதியிலேயே நின்றுவிட்டார். டாக்டர் இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, இனிமேல் குனியக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

சொன்ன சொல் முன்னால் நின்றது. பக்கத்துப் படகு ஸ்டுடியோக்காரரும் வந்து நின்றார். அவருடைய படகு சின்னது; மூன்று வருடமாக இந்தப் படகைத்தான் விதவிதமான கோணத்தில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். “அண்ணே, உங்களுக்கு எதுக்கு இனிமே இந்தத் தொல்லை?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் அக்கறையும் இருந்தது, அளவெடுப்பும் இருந்தது.

சிஸ்டருக்கு விற்க மனசில்லை. ஆபரேஷன் தியேட்டருக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மழை பெய்ததா, வெயில் அடித்ததா என்பதை முப்பத்து நான்கு வருடமும் வீட்டுக்குத் திரும்பும்போது தரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். இப்போது படகின் பின்பக்கம் காலை நீட்டி உட்கார்ந்து நாலு பக்கமும் பார்க்கிறார். அந்த நாலு பக்கத்தையும் ஸ்டுடியோக்காரர் பெயருக்கு மாற்றிக் கொடுப்பதா?

“ஆயில நான் மாத்தறேங்க.”

“இன்னொருத்தர் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்மா.”

“நான் இன்னொருத்தரா?”

இதற்குப் பதில் சொல்லித் தப்பித்த கணவன் எவனும் இல்லை என்பதால் அவர் வேறு பக்கம் பாய்ந்தார். “உனக்கு இன்ஜினைப் பத்தி என்ன தெரியும்?”

“மூக்கு வழியா வயித்துக்குக் குழாய் விட்டவ நான். உங்க இன்ஜின் கையத் தட்டி விடாது, கடிக்காது, சொந்தக்காரங்களக் கூப்பிட்டு அழாது.”

“ஒரு சொட்டு சிந்துனாலும் படகு அடியில போய்த் தேங்கும். தண்ணியோட சேர்ந்து கடலுக்குப் போச்சுன்னா துறைக்காரங்க நம்மள உள்ளயே விட மாட்டாங்க.”

“சிந்துனா வித்துடுங்க.”

“ஒரு சொட்டு சிந்துனாலும்?”

“அரை சொட்டு சிந்துனாலும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை என்று நாள் குறித்தார்கள். ஸ்டுடியோக்காரர் தானாகவே நடுவராக வர ஒப்புக்கொண்டார். தோற்றால் படகு யாருக்குப் போகுமோ, அவரே நடுவர். எவ்வளவு பெரிய மனசு.

காருக்கு ஆயில் மாற்றுகிறவர் அடியில் படுத்துக்கொண்டு திருகாணியைக் கழற்றலாம். படகுக்கு அடியில் மீன்தான் படுக்கும். ஆகவே, ஆயில் மட்டம் பார்க்கும் அளவுக் குச்சி இருக்கும் துளை வழியாகக் குழாயை விட்டுப் பழைய ஆயிலை மேலே இழுக்க வேண்டும். எந்த பம்பால் இழுப்பது என்று கேட்டால் போதும், படகுத்துறை இரண்டாகப் பிரிந்துவிடும். ஸ்டுடியோக்காரர் கரண்ட் பம்ப் கட்சி: “பட்டனைத் தட்டுனா ரெண்டே நிமிஷம் சிஸ்டர். மீதி நேரம் டீ குடிக்கலாம்.” கணவர் பித்தளைக் கைப்பம்ப் கட்சி: “என் பம்புக்கு என்ன குறைச்சல்?”

சிஸ்டர் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. இன்ஜினின் அளவுக் குச்சியை உருவி, காயத்துக்குக் கட்டும் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். “நோயாளியத் தூக்கிட்டு வர முடியல தம்பி” என்று சொல்லித்தான் அதைக் கடைக்காரர் முன்னால் பிரித்தார்.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது பித்தளை பம்ப். ராட்சசனுக்கு ஊசி போடுகிற மாதிரி இருந்தது. சிஸ்டர் நாலு முறை இழுத்துப் பார்த்தார். இழுக்கும்போதெல்லாம் குழாய் ஆடியது.

“ஆட்டத்துக்கு ஒரு சொட்டு விழும். வேணாம்.”

அடுத்தது கரண்ட் பம்ப். உள்ளே ஒரு குழாய், வெளியே ஒரு குழாய்.

“வெளிய விடற குழாய் கழண்டுக்கிட்டா?”

“கழலாதும்மா.”

“கழண்டா?”

கடைக்காரர் மனசாட்சியுள்ளவர். “படகு முழுக்க ஆயில்தாம்மா.”

“தள்ளுற மெஷின் வேணாம். இழுக்கற மெஷின் இருக்கா?”

இருந்தது. மூலையில் தூசியோடு உட்கார்ந்திருந்த குண்டு பிளாஸ்டிக் ஜாடி. மேலே கைப்பிடி. பத்துப் பதினைந்து தடவை அடித்தால் உள்ளே இருக்கும் காற்றெல்லாம் வெளியேறிவிடும். பிறகு ஜாடியே மெதுவாக ஆயிலை இழுத்துக்கொள்ளும். நடுவில் குழாய் நழுவினால் வெறும் காற்றைத்தான் குடிக்கும், எதையும் துப்பாது. சிஸ்டர் முகத்தில் முதல் தடவையாக மலர்ச்சி. ஆனாலும் விடவில்லை. எவ்வளவு கொள்ளும்? ஆறு லிட்டர். இன்ஜினுக்கு நாலரை, போதும். கவிழுமா? முழங்காலால் ஜாடியை ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார், கவிழவில்லை. ஜாடியோடு வந்த மூன்று குழாய்களில், மெல்லியது நாள் முழுக்க இழுக்கும், தடித்தது துளைக்குள் நுழையாது என்று அளவுக் குச்சியை வைத்துக் கணக்குப் பார்த்து நடுவில் இருந்ததை எடுத்தார். கன்னத்துப் பரீட்சையில் தேறியதும் அதுதான். கடைசியாக ஒரு சந்தேகம்.

“சூடு பட்டா துவண்டு ஒட்டிக்குமா?”

“தெரியலைம்மா. அட்டைல எதுவும் போடல.”

கடைக்காரருக்கு அப்போதுதான் டீ வந்திருந்தது. சிஸ்டர் குழாயை அந்த டீக்குள் விட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் வைத்திருந்து, எடுத்து அழுத்திப் பார்த்தார். ஒட்டவில்லை.

“இதையே குடுங்க. அந்த டீயக் குடிக்காதீங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தினார். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருந்து மக்கர் பண்ணும். கொதிக்கிற ஆயில் ஆளைச் சுடும். புறங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பது போலப் பார்த்தார். “லேசா இருக்கு. போதும்.” இரண்டு கையிலும் உறை. குழாயில் ஓர் இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்: அளவுக் குச்சியின் நீளம், அதற்கு மேல் நாலு விரல். குச்சி அடி வரைக்கும் போகாது, அதற்குக் கீழேயும் ஆயில் இருக்கும் என்பது அவருடைய ஊகம். துளையைச் சுற்றி ஒரு துண்டை மாலை போலச் சுற்றி வைத்தார். பெட்டிக்குப் பக்கத்துப் பலகையில் கணவர் பெல்ட்டோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நடுவர் கரையையும் படகையும் இணைக்கும் பலகையில் நின்றார்.

“வலிக்காது” என்று சிஸ்டர் இன்ஜினிடம் சொன்னார். குழாய் இறங்கியது. “முழுங்குங்க… முழுங்குங்க…”

ஸ்டுடியோக்காரர் முழுங்கினார்.

பிளாஸ்திரி துளையின் வாயைத் தொட்டது. ஜாடியின் கைப்பிடியைப் பதினைந்து தடவை அடித்தார். கறுப்பாக ஒரு கோடு குழாயில் ஏறி ஜாடிக்குள் இறங்கியது. ஒரு லிட்டர். இரண்டு.

“ரெண்டரையில நின்னுடும்” என்றார் கணவர். “பதினோரு வருஷமா எனக்கு அவ்வளவுதான் வரும்.”

“புக்குல நாலரைன்னு போட்டிருக்கே?”

“அது புது இன்ஜினுக்கும்மா.”

இரண்டரையில் நிற்கவில்லை. மூன்று. மூன்றரை. கணவர் பெல்ட்டோடு எட்டி ஜாடியைப் பார்த்தார். தன் பித்தளை பம்பின் குழாயை, அளவுக் குச்சிக்குச் சரியாக வைத்து வெட்டியவர் அவர்தான். குச்சி எட்டாத ஆயிலை அந்தக் குழாயும் எட்டவில்லை. பதினொரு வருடமாக வருடா வருடம் பாதி ஆயிலை மாற்றிவிட்டு, பாதிப் பழசின் மேல் புதுசை ஊற்றியிருக்கிறார். கேனில் மிஞ்சியதையெல்லாம் சிக்கனம் என்று நினைத்து, தெருவில் இருக்கும் கேட் கீல்களுக்கெல்லாம் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அவர்கள் தெருவில் ஒரு கேட்டும் கத்தாது. கணவரின் காது மடல் சிவந்தது. அதை சிஸ்டர் பார்த்தார்.

நாலைத் தாண்டியதும் ஜாடி களகளவென்று காற்றைக் குடிக்க ஆரம்பித்தது. அடி வரைக்கும் வந்துவிட்டது என்று அர்த்தம். சிஸ்டர் துண்டால் குழாயைப் பொத்திப் பிடித்து, வழித்துக்கொண்டே மேலே உருவினார். முக்கால்வாசி வந்திருக்கும்.

“எவ்வளவு சிஸ்டர் வந்துச்சு?” ஸ்டுடியோக்காரர் பலகையிலிருந்து படகுக்குள் காலை வைத்தார். “அண்ணன் ரெண்டரைம்பாரே, எங்க, பார்ப்போம்.”

கணவர் கடலைப் பார்த்தார்.

பார்வையாளர் வந்தால் நோயாளியின் பையையும் புட்டியையும் மூடிவிட வேண்டும் என்பது முப்பத்து நான்கு வருடப் பழக்கம். சிஸ்டரின் கை யோசிக்கவில்லை. குழாயைப் பிடித்திருந்த துண்டு பறந்து போய் ஜாடியின் மேல் விழுந்தது.

“வழக்கம்போலத்தான்” என்றார்.

துண்டில்லாத குழாயின் கடைசி முழம் அதே வேகத்தில் துளையைவிட்டு வெளியே வந்துவிட்டது. அவருடைய ஒரு கை குழாயில், மற்றது ஜாடியின் மேல் துண்டை அழுத்திப் பிடித்திருந்தது. குழாயின் வெளிப்பக்கம் வழிந்து வந்த ஆயில் நுனியில் திரண்டது. உருண்டது. கனத்தது. கீழே வெள்ளைப் பெயின்ட் அடித்த படகின் அடித்தளம், ஒரு எறும்பு நடந்தாலும் தெரியும்.

கணவர் கடலைப் பார்த்தபடியே கையை நீட்டினார். சொட்டு அவருடைய உள்ளங்கையில் விழுந்தது.

“சிந்திடுச்சா?” என்று ஸ்டுடியோக்காரர் குனிந்து தேடினார்.

“எங்கப்பா சிந்துச்சு?” என்றார் கணவர். விரல்களை மூடி, அந்தக் கையை அப்படியே தன் வெளிர் நிற பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.